இடது கையால் வில்லையை நீட்டிய குற்றம்

அனுப்புநர்:
மு. அபூதாஹிர்,
துருச் சுரண்டும் தொழிலாளி (வில்லை இலக்கம் 47),
பெரிய கிண்ணியா.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
திருகோணமலை.

பொருள்: குடிவெறியில் வேலைக்கு வந்து மேற்பார்வையாளரை அவமதித்ததாக என்மீதுள்ள குற்றச்சாட்டு, விசாரணைக்கு முன் என் வலது கையைப் பரிசோதிக்கக் கோருதல்.

கனம் ஐயா,

1. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் துருச் சுரண்டி வர்ணம் பூசும் ஒப்பந்தகாரரிடம் ஒன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். எதிர்வரும் 18ஆம் திகதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்னை விசாரிக்க இருக்கிறார்கள். அத்தோடு வேலை போய்விடும் என்ற பயத்திலேயே இதை எழுதுகிறேன்.

2. இரண்டு வருடங்களுக்கு முன் கைச் சுத்தியலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியல் தந்தார்கள். அதை எட்டு மணித்தியாலம் இரும்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் கை தன்பாட்டில் அதிரும். சென்ற வருடம் முதல் வலது கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைத்துப்போகின்றன. விடியும் நேரம் மிக மோசம். சட்டைப் பொத்தானை மனைவி றுக்கியாவே பூட்டிவிடுகிறாள். ஒருநாள் விரலில் கொப்புளம் கண்ட பிறகே சோறு சுட்டது தெரிந்தது.

3. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, சுத்தியலை விடவேண்டும், சிறு சத்திரசிகிச்சையால் சுகப்படலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் துண்டு எழுதித் தந்தார். அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. எங்கள் வேலையாட்கள் கூட்டத்தில் முன்பு ஒருவர் கை ஏலாது என்று சொன்ன அன்றே வேலையை இழந்தார். ஆகையால் துண்டை ஐந்து மாதம் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நான் செய்த பிழை அதுதான், ஐயா.

4. காலையில் ஒவ்வொருவரும் தன் இலக்கமிட்ட பித்தளை வில்லையை மேற்பார்வையாளர் ஆனந்தராசா அவர்களின் கையில் கொடுத்தே கேற்றுக்குள் போகவேண்டும். கடந்த மாதம் என் வில்லை மூன்று நாள் நழுவி விழுந்தது. நாலாம் நாளும் விழுந்துவிடும் என்று பயந்து இடது கையால் நீட்டினேன். அப்படிக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்பது எனக்குத் தெரியாததல்ல. "வெறியில நிக்கிறாய், மரியாதையும் கெட்டுப்போச்சு" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, குற்றப் பதிவிலும் அப்படியே எழுதினார். அவர் கெட்ட மனிதரல்லர். அவரிடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

5. மது ஒரு துளியும் தொட்டவனல்ல நான். ஆனால் அன்று நான் வீட்டுக்குப் போகுமுன்பே அந்தக் கதை வள்ளமேறிக் கிண்ணியாவுக்குப் போய்விட்டது. பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் சாராய வாடை வருகிறதா என்று என்னை மணந்து பார்ப்பாரோ என்று வெட்கப்பட்டு, வெள்ளிக்கிழமை கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றேன்.

6. கை ஏலாது என்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குடிகாரன் என்ற பெயரோடு போகும். இதை யோசித்து யோசித்து நித்திரையில்லை. எங்கள் கூட்டத்தில் இன்னும் நாலு பேர் கையை உதறி உதறியே வேலை செய்கிறார்கள். தங்கள் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டதால் எழுதவில்லை. எனக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தே டாக்டரிடம் போவோம் என்கிறார்கள்.

7. ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் அரசாங்க வைத்தியர் ஒருவர் என் கையைப் பார்க்க ஒழுங்கு செய்யுமாறும், உண்மை தெரிந்ததும் அந்தக் குற்றப் பதிவை நீக்கச் சொல்லுமாறும், கை சுகப்படும்வரை சாமான் அறைக் காவல் போன்ற வேலையில் என்னை வைத்திருக்க உத்தரவிடுமாறும் மன்றாடுகிறேன். டாக்டரின் துண்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

இதை எழுதித்தர மகள் ரபீக்கா முன்வந்தாள். என் கையின் நிலையைத் தாங்கள் காணவேண்டும் என்று நானே எழுதினேன். மூன்று நாள் பிடித்தது. நாலாம் பந்திக்குப் பிறகு எழுத்து கோட்டிலிருந்து கீழே இறங்குவதைத் தயவுசெய்து பார்க்கவும். கீழேயுள்ள கையொப்பமும் என் வேலைப் பதிவில் உள்ளதுபோல் இராது. வேறொருவர் இட்டதென்று நினைக்கவேண்டாம். வெறியில் இட்டதென்றும் நினைக்கவேண்டாம், ஐயா.

இடம்: பெரிய கிண்ணியா
திகதி: 13.03.1974

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மு. அபூதாஹிர்
(வலது கையால் இட்டது)