ஜீப்பில் விட்டுவைத்த கொக்கி

அலமாரியின் அடித்தட்டுக் கதவைத் திறந்தால் முதலில் கிரீஸ் வாடை வருகிறது. அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய். இன்று காலை கொக்கியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பழைய பனியனைக் கிழித்துத் துடைத்து, புது கிரீஸ் தடவி மறுபடியும் சுற்றி வைத்தேன். மழைக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம். நான் குடியிருக்கும் பெஹாலாவின் ஈரத்தில் வெறும் இரும்பு ஒரு மாதம் தாங்காது. ஜீப் இல்லை, டிரெய்லர் இல்லை, நீயும் இல்லை. கொக்கியில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

நாம் இருவரும் கூட்டுச் சேர்ந்து, ஜீப்பின் பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு பூஜைப் பந்தல்களுக்கு ஓடத் தொடங்கிய நாளிலேயே இந்தக் கொக்கிச் சண்டையும் தொடங்கியது. அந்தக் கொக்கியை வரைந்தவன் நான். எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்கவில்லை. முழங்கை நீள இரும்புத் தண்டு, நுனியில் டிரெய்லரை மாட்ட எலுமிச்சையைவிடப் பெரிய குண்டு. ஜீப்பின் அடியிலுள்ள குழாயில் செருகி, குறுக்கே பூட்டு ஆணியாக ஒரு பின்னைப் போட்டால் நிற்கும். பின்னை உருவினால் கையோடு வந்துவிடும். இழுக்காத நாளில் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், வீட்டுக்குள் வைக்க வேண்டும். வண்டியிலேயே விட்டால் துருப்பிடிக்கும், யார் காலையாவது உடைக்கும். எத்தனை தரம் சொன்னேன்!

"நாளன்னிக்கு மறுபடி மாட்டணும். எதுக்குடா கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு?"

"ஒருத்தன் கால் போனாத் தெரியும் உனக்கு."

"வந்துட்டாரு படிக்காத இஞ்சினியர். கொக்கிக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டு பாடு, போ."

ஒருமுறை ஸ்பானரை உன்மேல் வீசினேன். உன் உதடு கிழிந்தது. நீ என் கழுத்தைப் பிடித்து ஜீப் கதவில் மோதினாய். பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். அதெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

காளிகாட்டில் நடந்ததற்கு வருகிறேன். முந்தின நாளே டிரெய்லரைப் பந்தலில் நிறுத்திவிட்டோம். மறுநாள் டீசல் கொடுக்க வெறும் ஜீப்பில் போனோம். கொக்கி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நீ மறந்தாய். நான் மறக்கவில்லை. கிளம்பும்போதே பார்த்தேன். எதிலாவது இடிக்கட்டும், அப்போதுதான் இவனுக்குப் புத்தி வரும் என்று வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது சந்தில் எதிரே லாரி. பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. நீ இறங்கி நின்று, "வா, வா, வரலாம்" என்று கை காட்டினாய். பூக்கடையிலிருந்து அர்ச்சனைக் கூடையோடு ஒரு பெண் திரும்பினாள். வண்டிக்கும் கடை மேடைக்கும் நடுவில் அவள் முழங்கால். அந்தக் குண்டு அதை நொறுக்கிய சத்தம் என் இருக்கை வரை கேட்டது.

பத்துப் பேர் ஐம்பது பேரானார்கள். என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முதல் அறையில் என் மூக்குக்கண்ணாடி பறந்தது. ஒருவன் கொக்கியைக் காலால் உதைத்து, இதை மாட்டியது யார் என்று வங்காள மொழியில் கத்தினான்.

நான் விரலை நீட்டினேன். உன்னை நோக்கி. "ஓ லாகியேச்சே! ஆமி நா!"

அவன் மாட்டினான், நான் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, நீதான் மாட்டினாய். என் சட்டையை விட்டுவிட்டார்கள்.

எவனோ பின்னை உருவினான். கொக்கி கையோடு வந்தது. நான் வரைந்தபடியே, ஒரு பிசகில்லாமல். முதல் அடி உன் வலது தோளில். இரண்டாவது தாடையில். உன் பல் தெறித்து மட்கார்டில் பட்டது. நீ விழுந்த பிறகும் செருப்புக் கால்கள் உன் விலாவில் இறங்கின. நான் பூக்கடைத் தட்டியை ஒட்டி நின்றேன். ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. போலீஸ் வந்து கூட்டம் கலைந்ததும் சாக்கடையில் கிடந்த கொக்கியை எடுத்து வேட்டியில் துடைத்தேன். உன்னை அல்ல, கொக்கியை.

ஆஸ்பத்திரியில் உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். உன் மனைவி அழுதுகொண்டு நின்றாள். நீ இடது கையால் காகிதத்தில் கோணல் கோணலாக எழுதிக் காட்டினாய்: "இவன் குறுக்கே விழலேன்னா செத்திருப்பேன்." எழுதிவிட்டு என்னைப் பார்த்தாய். சிரித்தாயா, கம்பி இழுத்ததா, இன்றுவரை தெரியவில்லை.

உடம்பு தேறியதும் என் மண்டையை உடைத்திருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். அதைச் செய்யவில்லை நீ. என்னை வீரனாக்கி உன் வீட்டில் உட்கார வைத்தாய். பதினாறு வருஷம் பாலிகஞ்ச் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு இலை. நீ தூக்க முடியாத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிடுவாய். நான் எதிரே உட்கார்ந்து வலது கையால் சாப்பிடுவேன். எவ்வளவு குரூரமானவன் நீ.

போன மாசியில் நெஞ்சுவலியில் போய்விட்டாய். அதன் பிறகும் உன் மனைவி கூப்பிட்டாள். "நீங்க வரலேன்னா அவர் ஆத்மா சாந்தியடையாது அண்ணா. அவர் உயிரைக் காப்பாத்தினவர் நீங்க."

நேற்று ஞாயிறு. அவள் ரசம் ஊற்றும்போது சொல்லிவிட்டேன். விரலை நீட்டியதை, சொன்ன வார்த்தையை, தட்டியை ஒட்டி நின்றதை. கொக்கியைப் பார்த்தும் வாய் திறக்காமல் வண்டி எடுத்ததையும் சொன்னேன்.

கரண்டி அவள் கையிலிருந்து நழுவிப் பாத்திரத்துக்குள் போய்விட்டது.

"இத்தனை வருஷம் இந்த வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டீங்களே."

அண்ணா என்று சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டோடு இலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கையைக் கழுவாமல் மாடிப்படி இறங்கினேன். ரசம் காய்ந்து விரலெல்லாம் ஒட்டியது. பெஹாலா பஸ்ஸில் அந்தக் கையால் கம்பியைப் பிடிக்க மனம் வரவில்லை.

நீ கட்டிய பொய்யை உடைத்துவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும். கொக்கி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, அதில் இன்றும் இறங்கி வரமாட்டேன். ஆனால் அன்று உன்னை அடித்தது அந்தக் கூட்டம் மட்டும் இல்லை. இந்தப் பழியை எவனும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது, நீயும்தான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய்.