படத்தில் பாதி மாப்பிள்ளை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் சன்னலுக்குப் போகிறேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. உன் தங்கையும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வந்து தங்கியபோது, சித்தப்பா வீட்டாரையும் கூப்பிட்டு, கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து அப்பா தன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ஒரு படம் எடுத்தார். அதைப் பெரிதாகப் போட்டு, சட்டமும் அடித்து, சின்னவள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பார்த்தாராம், என்னிடம் ஒரு தரம் காட்டியிருக்கலாம். படத்தில் நாங்கள் எல்லோரும் முழுசாக இருக்கிறோம், மாப்பிள்ளை மட்டும் ஓரத்தில் ஒரு காது, ஒரு தோள், அரைச் சிரிப்பு. அந்தக் கேமராவில் லென்ஸ் ஓரிடம், நாம் பார்க்கிற குட்டிச் சன்னல் வேறிடம், சன்னலில் தெரிகிற வெள்ளைக் கோட்டுக்குள் நிற்பவர்கள்தான் படத்தில் விழுவார்கள். மூக்குக்கண்ணாடியோடு பார்க்கிற அப்பாவுக்கு அந்தக் கோடு சரியாகத் தெரிவதில்லை. இதை யார் நம்புவார்கள், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் எடுத்த படம் ஆயிற்றே. அப்பா மனசுல அவருக்கு இவ்வளவுதான் எடம்போல என்று சின்னவள் போனில் அழுதாள். மாப்பிள்ளை சிரித்து மழுப்பிவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் இந்தப் பக்கம் வரவில்லை, கூப்பிட்டால் வேலை என்கிறாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அகல லென்ஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது. தப்பாகிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, கூடம் சின்னது, பின்னால் நகர இடமில்லை என்று டேப்பை வைத்துச் சுவருக்குச் சுவர் அளக்கத் தெரியும். லென்ஸில் போட்டிருக்கிற எண் குறையக் குறைய படத்தில் விழுகிற அகலம் கூடுமாம். கேமராவில் இப்போது இருக்கிற முப்பத்தைந்துக்கே கோட்டின் ஓரம் கண்ணாடியோடு சரியாகத் தெரிவதில்லை, சித்தப்பா வீட்டாரும் வந்தால் அகலமும் போதாது. இருபத்தெட்டுக்குக் கோடு சன்னல் விளிம்பிலேயே ஓடுகிறது, கண்ணாடி போட்டவருக்கு எட்டாது. இருபத்தொன்று என்றால் கேமரா தலையில் தனியாக ஒரு சன்னல் மாட்ட வேண்டும், அதோடு ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டுப் பூசணிக்காயாகிவிடுமாம். மறுபடியும் மாப்பிள்ளை ஓரத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சாப்பிடும்போதும் இதே பேச்சு, என் தலையைத் தின்றுவிட்டார். அவரை நடுவுல நிக்க வைங்களேன் என்றேன். டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவரை அளக்கப் போய்விட்டார்.

போன வாரம் கேமரா ரிப்பேர்காரர் இருபத்தெட்டை இரவலாகக் கொடுத்தார். உடனே கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கடைசியில் என்னை உட்கார வைத்து அப்பா சோதனைப் படம் எடுத்தார். நேற்றுப் பிரிண்ட் வந்தது. அகல லென்ஸ் பக்கத்தில் இருப்பதையும் தள்ளி வைத்துத்தான் காட்டுமாம். நம் கூடம் ரயில் நிலையம் மாதிரி நீண்டு கிடக்கிறது, அத்தனையும் காலி நாற்காலி, தூரத்தில் பொட்டாக நான். அப்பா அதைக் கீழே வைக்கவே இல்லை. இங்க இவ்வளவு எடம் இருக்கா என்றார்.

இன்று காலை சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். லென்ஸைத் திருப்பித் தரப் போகிறார் என்று நினைத்தேன். சன்னலிலிருந்து பார்த்தால் கடைப் பக்கம் திரும்பாமல், சின்னவள் ஊருக்குப் பஸ் ஏறுகிற இடத்துக்குப் போகிறார். கேமரா, லென்ஸ் எல்லாம் மேசைமேல் அப்படியே இருக்கின்றன. வெறுங்கையோடு போய் மாப்பிள்ளை முன்னால் நின்று என்ன சொல்வாரோ, அவர் என்ன முகம் காட்டுவாரோ. இதுவரை போன் இல்லை.

நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எந்த லென்ஸ் வாங்கலாம் என்று அப்பா உன்னைக் கேட்டால், போன காரியம் பழம், சின்னவளும் மாப்பிள்ளையும் வரப்போகிறார்கள் என்று வைத்துக்கொள். கேட்கவில்லையென்றால் கேமரா பேச்சையே எடுக்காதே.

இப்படிக்கு,
சன்னலோரத்திலிருந்து
உன் அம்மா