பித்தளை தெரியும் கம்மல்

என்னங்க,

கம்மலுக்குக் கம்பி வாங்கக் கடைக்குப் போறேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கோங்க.

நேத்து நான் துணி காயப்போடப் போன நேரத்துல, உதவியா இருக்கட்டும்னு, நான் விக்கச் செஞ்சு வச்ச கம்மல் கொக்கி எல்லாத்தையும் அரத்தால ராவி வச்சிருக்கீங்க. இத்தனை வருஷம் தங்கத்துல வேலை பார்த்த கை, முனை சொரசொரன்னு இருந்தா சும்மா இருக்குமா? ஆனா இந்தக் கம்பி முழுத் தங்கம் இல்லைங்க. உள்ள பித்தளை, மேல தங்கத் தகடு. அதனாலதான் நம்மால வாங்க முடியுது. முலாம் மாதிரி சீக்கிரம் போகாது, ராவினா போயிடும். இப்ப முனையெல்லாம் பித்தளை பல்லிளிக்குது.

ராவின தூளை வேற, உருக்கலாம்னு பழைய பழக்கத்துல கிண்ணத்துல சேர்த்து வச்சிருக்கீங்க. அதைப் பார்த்ததும் கோவம் வரும்னு நினைச்சேன், வரல. அழுகையும் வரல. கொட்டவும் கை வரல. ஜன்னல்ல அப்படியே இருக்கு.

மாடி வீட்டு டீச்சர் கம்மல் கேட்டு வருவாங்க. ராவினதைக் கொடுத்துடாதீங்க, அவங்க காதுக்குப் பித்தளை ஆகாது. நாளைக்குத் தர்றோம்னு சொல்லுங்க. "கம்பி வளைக்கிறதெல்லாம் ஒரு வேலையா"ன்னு என்கிட்ட கேட்டதை அவங்ககிட்டயும் கேட்டு வைக்காதீங்க.

சாவி செருப்பு ஸ்டாண்டுல.

பி.கு.: ராவினதுல ஒரு ஜோடி குறையுதேன்னு தேடாதீங்க. நான் போட்டுக்கிட்டேன். முனை வழவழன்னு இருக்கு, குத்தவே இல்ல. பித்தளை தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்.