தாத்தாவின் தொழில், பேரனின் பெயர்

என்னங்க,

பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போறேன். ரசம் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. எஞ்சினியருக்கு அதுவாவது தெரியும்னு நம்புறேன்.

அமெரிக்காவில வைக்கிறாங்கன்னு இவனுக்கு 'மேசன்'னு பேர் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்களே, ரொம்ப ஸ்டைல்தான்! நீங்க வேலை பாக்கிற முசஃபா கட்டட சைட்ல 'மேசன்'னு கத்தினா இருபது கொத்தனார் சிமெண்ட் கையோட ஓடி வருவாங்க. இனி வீட்டிலயும் ஒருத்தன் தவழ்ந்து வருவான்.

நம்ம கல்யாணப் பத்திரிகையில எங்கப்பா பேருக்குக் கீழ 'கொத்தனார்'னு இருந்ததை, கௌரவக் குறைச்சல்னு 'காண்ட்ராக்டர்'னு மாத்த வச்சது யாருங்க?

கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க.

உமாராணி

மறந்துட்டேன். அப்பா சாயங்காலம் போன் பண்ணுவார். பேரன் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்பார். நீங்களே சொல்லுங்க.