டுஃபியே அம்மாவின் நாற்காலிகள்

பிப்ரவரி 6, வியாழன்

சனிக்கிழமை இரண்டு சாவு வீடுகளுக்கு நாற்காலி போக வேண்டும். காலை முழுவதும் கழுவினேன். போன வாரம் உட்கார்ந்தவர்கள் பாமாயில் குழம்பை நாற்காலிக்கும் ஊட்டியிருக்கிறார்கள்.

மதியம் முதலாளி டுஃபியே அம்மா கொட்டகைக்கு வந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவரே நடந்து வந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது.

"யிரென்ச்சி, கடைய வித்துடப் போறேன். மக டாக்கோராடிக்குக் கூப்பிடுறா."

"யாருக்கு?"

"காசு குடுக்கிறவனுக்கு."

நாற்காலி, பந்தல், பழைய லாரி, கொட்டகை எல்லாவற்றையும் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். உனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே கேட்டேன். அம்மா சிரித்தார்.

"எண்பதாயிரம் சீடி. வச்சிருக்கியா?"

அவ்வளவு பணம் இல்லைதான். அதற்குச் சிரிப்பானேன்?

பிப்ரவரி 7, வெள்ளி

அறுபத்து மூன்று வயதில் கடன் வாங்கி முதலாளியாவதா என்கிறாள் என் மனைவி அஃபுவா. வேறு எந்த வயதில் இந்தக் கடை விலைக்கு வந்தது?

பிப்ரவரி 11, செவ்வாய்

வங்கிக்குப் போனேன். டை கட்டிய பையன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டான். சுவரில் ஒட்டும் சாவு போஸ்டர்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எனக்குப் படிப்பு வந்தது. அதைச் சொன்னேன். அவன் எழுதிக்கொள்ளவில்லை.

"வீட்டுப் பத்திரம் இருக்குங்களா, ஐயா?"

"நாற்காலி இருக்கு. முந்நூறுக்கு மேல."

"நாற்காலிய அடமானமா எடுத்துக்க முடியாதுங்க."

"ஏன்? உங்க மேனேஜர் செத்தா எல்லாரும் நின்னுக்கிட்டா அழுவீங்க?"

காவலாளி பக்கத்தில் வந்து நின்றான். அவன் என் கையைப் பிடிப்பதற்குள் நானே எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போவாடுவைப் பார்த்தேன். என் தங்கை மகன், பள்ளி ஆசிரியர். எனக்குப் பிறகு என்னுடையது எல்லாம் அவனுக்குத்தான் என்பது வழக்கம். ஐயாயிரம் கேட்டேன்.

"மாமா, சத்தியமா கையில ஒண்ணுமில்ல. வேணும்னா என் தலைய அடமானம் வைங்க."

அந்தத் தலையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது யார்? கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

ஒரு ஆசிரியரின் தாயார் சாவு. கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் கூட்டம். நாற்காலி அடுக்கைத் தூக்கிக்கொண்டு மொய் மேசையைத் தாண்டும்போது மைக்கில் கேட்டேன்: "ஆசிரியர் போவாடு! இரண்டாயிரம் சீடி!" கை தட்டினார்கள்.

கையில் ஒன்றுமில்லை! மாமனுக்கு ஒன்றுமில்லை, மைக்குக்கு இருக்கு! ஊருக்குக் கேக்கணும், அதான் வேணும் அவனுக்கு. அடுக்கு கை நழுவி ஒரு நாற்காலியின் கால் போயிற்று. அதற்கும் நானே காசு கொடுத்தேன்.

இனி அவனோடு பேச்சில்லை.

மார்ச் 3, திங்கள்

சர்ச்சின் சிக்கனச் சங்கத்தில் நான் போட்டு வைத்ததைப் போல இரண்டு மடங்கு கடன் தருவார்கள். இருபத்தெட்டாயிரம் வரும். இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும்.

உபதேசியார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "யிரென்ச்சி, நீ முதல்ல சர்ச்சுக்கு வர்றியா?"

"வாராவாரம் நாற்காலி கொண்டாறேனே."

"உள்ள?"

நான் தாளை அவர் பக்கம் தள்ளினேன். கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஆள், சவப்பெட்டி செய்யும் டார்க்கோ. "கடனக் கட்டாம செத்தேன்னு வச்சுக்க, பெட்டி கிடையாது. பாயில சுருட்டித்தான்" என்றான். அவனும் போட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

அஃபுவா சோளமாவுக் கெங்கே உருண்டை விற்றுச் சேர்த்த ஏழாயிரத்தை மேசைமேல் வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"சும்மா தரல. வட்டி உண்டு. நாப்பது வருஷ வட்டியும் சேர்த்து."

வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

டுஃபியே அம்மா ஒப்புக்கொண்டார். முப்பத்தைந்தாயிரம் முன்பணம், மீதியை இரண்டு வருடத்தில் சனிக்கிழமை வசூலிலிருந்து தவணையாக. "வேற யாருக்கும் தவணை தரமாட்டேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அஃபுவா கேட்ட முதல் கேள்வி: "நாளைக்குக் காலைல கூட யாரு வர்றா? பாட்டில் வாங்கணுமே."

நன்றிப் பாட்டில். விடிந்ததும் சாட்சியோடு போய், ஜின் பாட்டிலை வைத்து நன்றி சொல்ல வேண்டும். அப்போதுதான் பேசியது பேசியதாகும்.

"அவங்க விக்கிறாங்க, நான் வாங்குறேன். இதுல நன்றி எங்கேர்ந்து வந்துது?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்த வழக்கம் எனக்கு மட்டுமா? அவங்க வீட்டுச் சாவுல மழையில நனைஞ்சு பந்தலப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் இந்த வாசலுக்கு யாராவது வந்தாங்களா?"

அவள் கெங்கே உருண்டைக்குச் சோளத்தோல் சுற்றப் போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

சங்கத்துப் பணம் இன்று கைக்கு வந்தது. முப்பத்தைந்தையும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். டுஃபியே அம்மா வீட்டில் அவருடைய அண்ணன் பார்வுவா உட்கார்ந்திருந்தார். குடும்பத் தலைவர். துணியை அவர் தொடவில்லை.

"என்ன இது?"

"கடைக்கு முன்பணம்."

"எந்தக் கடை? யாரு குடுத்த வாக்கு? நன்றி வரலியே யிரென்ச்சி. நன்றி வராத வாக்கு ஒட்டாது."

மேசைமேல் ஒரு பாட்டில் இருந்தது. மூடி திறக்காதது. குமாசி ஊர்க்காரன் ஒருவன் கொண்டுவந்தது. முழுத் தொகையும் ரொக்கமாகத் தருகிறானாம். வெள்ளிக்கிழமை குடும்பம் கூடி மூடியைத் திறந்து குடித்துவிட்டால் முடிந்தது.

டுஃபியே அம்மாவைப் பார்த்தேன். "ஒரு வாரம் பார்த்தேன்யா. நீ வரல. உனக்கு வேணாம்போலன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

வேணாமா? எனக்கா? பாங்க்ல போய் நின்னது யாரு, சங்கத்துல நின்னது யாரு — ஒரு பாட்டிலு, ஒரு பாட்டிலுக்காகக் கடைய இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுப்பாங்களாம். குடுக்கட்டும். குமாசிக்காரன் அந்தப் பச்சைப் பந்தல விரிச்சுப் பாக்கட்டும். எந்தக் காலை முதல்ல நடணும்னு தெரியுமா அவனுக்கு?

தூக்கம் வரவில்லை. கடன் வட்டி நேற்றே ஓட ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 26, புதன்

போகலாம் என்று முடிவு செய்தேன். வழியிருக்கிறது. பெரிய விஷயத்தை யாரும் தன் வாயால் பேசுவதில்லை. பேச ஒருவர் முன்னால் நிற்பார், விஷயம் யாருடையதோ அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். என் வாய் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பேச நாக்கு உள்ளவன் என் பக்கத்தில் ஒருவன்தான். அஃபுவாவிடம் அவன் பெயரைச் சொல்லாமல் சொன்னேன்.

"அந்த ரெண்டாயிரம் அவன் காசில்ல. வாத்தியாருங்க எல்லாம் சேர்ந்து போட்டது. கொண்டுபோய்க் குடுத்தது அவன், மைக்குக்காரன் அவன் பேர மட்டும் படிச்சுட்டான். ஊருக்கே தெரியும்."

அப்படியானால் மைக்குக்காரன் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பை விட்டு வெளியே வந்தான்.

"வாங்க மாமா. மன்னிப்புக் கேக்கவா?"

"இல்ல. வேலை இருக்கு. எனக்காகப் பேசணும்."

விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "பேசுறேன். ஆனா நீங்க வாயத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

மார்ச் 28, வெள்ளி

விடிவதற்குள் போய்விட்டோம். போவாடு மரபுத் துணியை உடம்பில் சுற்றி ஒரு தோளில் போட்டு முறையாக வந்திருந்தான். பார்வுவா இன்னும் முகம் கழுவவில்லை.

போவாடு பாட்டிலை வைத்து, என் சார்பில் நன்றி சொன்னான். "ரெண்டு வாரம் கழிச்சா?" என்றார் பார்வுவா.

"பெரியவரே, என் மாமா பத்தொன்பது வருஷமா காலைல இந்த வாசலுக்குத்தான் வர்றார். வேலைக்கு வர்றார்னு நீங்க நெனச்சீங்க. நன்றி சொல்லத்தான் வந்திருக்கார். பாட்டில் மட்டும் இன்னைக்குத்தான் கொண்டாந்திருக்கார்."

பச்சைப் பொய். நான் போனது சம்பளத்துக்கு. வாயைத் திறந்தேன், போவாடு என் கால்மேல் ஏறி நின்றான்.

டுஃபியே அம்மா என் முகத்தையும் அவன் காலையும் பார்த்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நேரத்தோட திற. அவன் கால் நசுங்குது" என்றார்.

பார்வுவா எங்கள் மூடியைத்தான் திறந்தார். தரையில் கொஞ்சம் ஊற்றி முன்னோர்களை அழைத்துவிட்டுக் குடித்தார். எனக்கும் கொடுத்தார்கள். குமாசிக்காரன் பாட்டிலைத் திருப்பி அனுப்ப ஆள் போயிற்று. முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

நான் நன்றி சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 5, திங்கள்

முதல் தவணையை டாக்கோராடியில் மகளோடு இருக்கும் டுஃபியே அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஜூன் 20, வெள்ளி

பார்வுவா வந்தார். குடும்பத்தில் ஒரு சாவு, எண்பது நாற்காலி வேண்டும். "நம்ம நாற்காலிதானே" என்றார். முழு வாடகை வாங்கினேன். மழைக்குத் தார்ப்பாய் தனி.

ஆகஸ்ட் 23, சனி

போவாடுவின் மாமனாரை இன்று அடக்கம் செய்கிறார்கள். மருமகன் செய்ய வேண்டிய செலவு கொஞ்சமில்லை. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாடகைக்கு வேறு இடத்தில் விசாரித்திருக்கிறான் என்று அஃபுவா சொன்னாள்.

புது நாற்காலி இருநூறும் பச்சைப் பந்தல்கள் நாலும் ஏற்றச் சொன்னேன். யார் அனுப்பியது என்று கேட்டால் சொல்ல வேண்டாம் என்று லாரி ஓட்டும் அடோமிடம் சொன்னேன்.

"பெரியவரே, லாரி முழுக்க உங்க பேர்தான் எழுதியிருக்கு."

"அதப் படிக்கட்டும். நீ சொல்லாத."

நாளைக் காலை போவாடு வருவான், சாட்சியோடும் பாட்டிலோடும். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வேலை இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் போகலாம் என்றிருக்கிறேன்.