பைத் தண்ணீர்

நாள் 49. 08:10
செவ்வாய், பழைய முகாம். பதிவு செய்வது மருத்துவர் பூங்கோதை. ஆய்வுக்காக இங்கே தனியாக வந்து நாற்பத்தொன்பது நாள். காற்றழுத்தம் சரி. எஃகுத் தொட்டியில் தண்ணீர் 410 லிட்டர். வெளியே புழுதிப் புயல், வேகம் கூடுகிறது. புதிய குடியிருப்பிலிருந்து கொண்டுவந்த இருபத்திரண்டு விந்து மாதிரிகளையும் எண்ணி முடித்தேன். சராசரி, ஒரு மில்லிக்கு எழுபது லட்சம் உயிரணு. மூன்று வருடம் முன்பு, எல்லோரும் இந்த முகாமில் இருந்தபோது, ஐந்து கோடியே எண்பது லட்சம்.

நாள் 49. 16:40
களைப்புதான் காரணம் என்று நினைத்து ஒரு வருடம் வீணாகிவிட்டது. இரவு ஷிப்டைக் குறைத்தோம். எட்டு மணி நேரத் தூக்கம், தினமும் உடற்பயிற்சி, சாப்பாட்டில் கூடுதலாகக் கீரை. எல்லோருக்கும் உடம்பு தேறியது. எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. பதினொரு கர்ப்பங்கள். ஒன்றுகூட எட்டாவது வாரத்தைத் தாண்டவில்லை. அதில் இரண்டு என்னுடையவை.

நாள் 50. 11:05
என் குடுவையில் மிச்சமிருந்த குடியிருப்புத் தண்ணீரைச் சோதித்தேன். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் ரசாயனம் இருக்கிறது. ஹார்மோனைக் குழப்பும் வகை. நம்பாமல் மறுபடி சோதித்தேன். மூன்றாவது முறையும் அதே அளவு. அங்கே தண்ணீரைச் சேமிப்பது பெரிய பைகளில். உட்பூச்சு கரைகிறது. ஐம்பது நாளாக நான் குடிக்கும் இந்தத் தொட்டித் தண்ணீரில் அது துளியும் இல்லை.
அந்தப் பைகளைத் தேர்ந்தெடுத்தவர் குடியிருப்பின் நீர்ப் பொறியாளர் தேவசகாயம். என் கணவர்.

நாள் 50. 12:20
நாள் தள்ளிப்போயிருந்தது. தனிமை, சரியாகச் சாப்பிடாதது என்று நினைத்து விட்டுவிட்டேன். இன்று ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தேன். ஒன்பதாவது வாரம். துடிப்பு நிமிடத்துக்கு 168. அரை மணி நேரம் கருவியை எடுக்க மனம் வரவில்லை.

நாள் 50. 13:30
செய்தி அனுப்பினேன். முதலில் குழந்தையைச் சொன்னேன், பிறகு தண்ணீரை. பாதியில், புயலில் அனுப்பும் ஆன்டெனா முறிந்தது. இனி கேட்க மட்டும்தான் முடியும். ஏன் தண்ணீரை முதலில் சொல்லவில்லை?

நாள் 50. 14:00
தேவசகாயத்திடமிருந்து வந்த செய்தி: "கோதை, 'ஒன்பது வாரம், துடிப்பு இருக்கு' வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஒரே இரைச்சல். நர்ஸ் ஹலீமாக்கா அழுதுட்டே சிரிக்கிறாங்க. இங்க இன்னும் ரெண்டு பேருக்கு நாள் தள்ளியிருக்கு. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கோம். நான் வண்டி எடுத்துட்டு வரேன்."
குடிக்காதே, குடிக்காதே என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

நாள் 51. 09:30
வந்த செய்தி: "கோதை, வண்டி மணல்ல புதைஞ்சிருச்சு. உன் முகாம் விளக்கு தெரியுது, நடந்தா நாற்பது நிமிஷம். கதவைத் திறக்க முடியல. என் உடைச் சிலிண்டர்ல காற்று ரெண்டேகால் மணி நேரம் வரும். நீ வெளிய வந்துடாதே."
குடியிருப்பில் வேறு வண்டி இல்லை. என் உடையில் இரண்டு மணி நேரக் காற்று. திரும்பாவிட்டால் அந்த இரண்டு பெண்களுக்கும் யார் சொல்வது? பின்னால் யாராவது வந்தால் பார்க்கட்டும் என்று தொட்டியின் மேல் சிவப்புப் பெயின்டால் பெரிதாக எழுதிவிட்டேன்: பைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். 09:40. கிளம்புகிறேன்.

நாள் 51. 11:02. உடையில் குரல் பதிவு
கதவை மூடிய மணலை வாரிக் கொட்டவே முப்பத்திரண்டு நிமிடம். உள்ளே... உயிரோடு இருக்கிறார். வண்டியின் காற்றறைக் கதவை மூடி, அழுத்தம் ஏறியதும் என் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் உதடு வெடித்திருக்கிறது. எனக்காக வைத்திருந்த தண்ணீரை அவர் தொடவே இல்லை. குடுவையை நீட்டினார்.
"மொதல்ல குடி. ரெண்டு உசுரு."
தட்டிவிட்டேன். சொன்னேன். எல்லாவற்றையும். தரையில் சிந்திய தண்ணீரைப் பார்த்தார்.
"அப்போ... நம்ம மொத ரெண்டும்?"
கையைப் பிடித்து எழுப்பினேன்.
என்னிடம் முப்பத்தெட்டு நிமிடக் காற்று. அவரிடம் நாற்பத்து மூன்று. பங்கிட்டால் ஆளுக்கு நாற்பதரை. இரண்டு உடையின் காற்றுக் குழாயையும் இணைத்துவிட்டோம். நடக்கிறோம். புழுதி... கயிறு கட்டியிருக்கிறேன். அவர் முன்னால். விளக்கு இன்னும் தெரியவில்... (பதிவு இங்கே துண்டிக்கப்பட்டது.)