மலைப்பாம்பின் எடையில் இரண்டு எலிகள்

அன்புள்ள நோரீனுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். டார்வின் நகரத்து வெயில் பழகிவிட்டது. நான் உதவிக்கு வந்திருக்கும் லைலின் பாம்புப் பண்ணைதான் பழகவில்லை.

பயப்படாதே, கடிபடவில்லை. நேற்று ஓர் இளம் பெண் மலைப்பாம்பை ஆணுடன் சேர்க்கலாமா என்று எடை போட்டோம். இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் கூடாது. முட்டை சிக்கிச் செத்தே போகலாம். தராசு சரியாக இரண்டு கிலோ காட்டியது. ஆனால் நூல் பிடித்து அளந்தால், நீளம் போன மாதத்தைவிட ஒரு விரல்கூடக் கூடவில்லை.

“பரீட்சைத்தாளைப் பாக்கற மாதிரி முறைக்காதீங்க வாத்தியாரே, பொண்ணு பாஸ்!” என்று சிரித்தான் லைல்.

அதற்குள் அது இரண்டு பெரிய எலிகளைப் பாதி கரைந்த கூழாக என் மடியில் கக்கியது. மறுபடி எடை போட்டேன்: ஒரு கிலோ அறுநூறு.

குத்துச்சண்டைத் தேர்வில் எடை கூட்டிக் காட்ட வயிறு முட்டத் தண்ணீர் குடித்து வந்த மாணவர்களை மன்னித்திருக்கிறேன்; அவர்கள் தாங்களாகக் குடித்தார்கள். லைல் எடைக்காகவே பாம்புக்கு எலியை ஊட்டிவிட்டுச் சிரித்தானே, அந்தச் சிரிப்புதான் நாற்றத்தைவிடக் குமட்டியது.

“இதை ஆணோட விட்டா, நாளைக்கே ஊருக்குக் கிளம்பிடுவேன்” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று முனகினான். அதை அவன் கையாலேயே பதிவேட்டில் எழுத வைத்தேன்.

கை நாற்றம் இன்னும் போகவில்லை. நீ குளிக்கும் லாவண்டர் சோப்பு ஒன்று அனுப்பு. இங்கேயும் விற்கிறார்கள், ஆனாலும் நம் குளியலறையில் இருப்பதையே அனுப்பு. பாதி தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன்,
ஆர்ச்சி